வெட்டிவேர்த் தட்டியும் ஒன்றரை டன் மெஷினும்

ஏசி மெக்கானிக்காக முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தவன் நான். பெயர் பீர் முகம்மது. காரைக்குடியில் பழைய ஆட்களுக்கு ‘ஐஸ்பெட்டி பாய்’ என்றால்தான் தெரியும். இத்தனை வருஷத்தில் ஸ்பானர் வழுக்கிக் குழாயை உடைத்திருக்கிறேன், வயரை மாற்றிக் கொடுத்து மோட்டாரைப் புகைய விட்டிருக்கிறேன். ஆனால் நான் செய்த ஆகப் பெரிய தப்பைக் கையால் செய்யவில்லை, வாயால் செய்தேன்.

அதை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. போன மாதம் ஒரு மெக்கானிக் போன் செய்தார். இந்தப் பக்கத்துப் பெரிய வீடு ஒன்றை ஓட்டலாக்கி அறைக்கு ஒரு ஏசி மாட்டியிருக்கிறார்களாம். அதில் ஒன்று மட்டும் மத்தியானமானால் நின்றுவிடுகிறது, திரையில் ஏதோ எழுத்தும் எண்ணும் வருகிறது, அதற்கு அர்த்தம் பார்த்து போர்டையே மாற்றியும் நிற்கிறது என்று அலுத்துக்கொண்டார். அந்த அறையில் தங்குகிறவர்கள் மத்தியானத்தில் என்ன செய்கிறார்கள் என்று நான் கேட்டேன். கிழவனுக்கு மறை கழன்றுவிட்டது என்று நினைத்திருப்பார். நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்பதற்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது, ஒரு பிள்ளை இருக்கிறது.

நான் தொழில் படித்தது மதுரையில் ஓர் ஐஸ் பாக்டரியில். அம்மோனியா நெடியில் மூன்று வருஷம் கண் எரிந்ததுதான் என் படிப்பு. அறுபதுகளின் கடைசியில் காரைக்குடியில் பிரிட்ஜும் ஏசியும் விற்கிற ஒரு கம்பெனி, பழுது பார்க்கவும் பட்டறை வைத்தது. அங்கே சேர்ந்தேன். மலேயாவிலும் சிங்கப்பூரிலும் சம்பாதிக்கிறவர்கள் ஊருக்குக் கப்பலில் சாமான் அனுப்பிக்கொண்டிருந்த காலம் என்பதால் வேலைக்குப் பஞ்சமில்லை.

அந்தச் சாமான்களை எங்கள் ஜனங்கள் வைத்துக்கொண்ட விதம் இருக்கிறதே, அதைத் தனியாகவே எழுதலாம். கல்லலில் ஒரு வீட்டில் பிரிட்ஜ் குளிரவில்லை என்று கூப்பிட்டார்கள். போனால் பிரிட்ஜையே காணோம். தலையிலிருந்து கால்வரை நாலு பக்கமும் பூப்போட்ட உறை தைத்துப் போட்டு மூடியிருந்தார்கள். முன்பக்கம் கதவுக்கு மட்டும் பொத்தான். பின்பக்கம் சூடு வெளியே போகிற கம்பிக்கூடும் உறைக்குள்ளேயே வெந்துகொண்டிருந்தது. உறையைக் கழற்றச் சொன்னதற்கு, தூசி படியுமே என்று அந்த அம்மாவுக்கு முகம் வாடிப்போனது. நெற்குப்பையில் ஒருவர், மேலே வானம் தெரிகிற வளவை ஒட்டிய கூடத்தில் ஏசியை மாட்டிவிட்டு, வீடு குளிரவில்லை என்று சண்டைக்கு வந்தார். ஓட்டில் உட்கார்ந்திருக்கிற காக்கைக்கு வேண்டுமானால் குளிரும் என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். பட்டறைக்கு வந்து இதையெல்லாம் நடித்துக் காட்டிச் சிரிப்பேன். எனக்கு அப்போது கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

அந்தத் தலைக்கனத்துக்கு இடைஞ்சலாக வந்து சேர்ந்தவர் சூப்பர்வைசர் ரெங்கராஜன். பாலிடெக்னிக் படித்தவர், என்னைவிட ஆறு வயது சின்னவர். வெள்ளைச் சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர் வைத்திருப்பார். குரலை உயர்த்தியே பார்த்ததில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். வந்ததும் ஒரு சட்டம் போட்டார். எந்த மெஷினானாலும் முதலில் காற்றைப் பார்க்க வேண்டும், அடுத்து கரண்ட், கடைசியில்தான் குழாய்க்குள் ஓடிக் குளிர வைக்கிற கேஸ். காற்று என்றால் அறைக்குள் வருகிற குளிர்ந்த காற்று, வெளியே போகிற சூட்டுக்காற்று இரண்டும். முதல் இரண்டையும் பார்த்து எழுதாமல் யாரும் கேஸ் குழாயில் கை வைக்கக் கூடாது. தப்பு நேர்ந்தால் செய்தவரே ஜாப் கார்டில் தன் கையெழுத்தில் எழுதிக் கையொப்பம் போட வேண்டும். திட்ட மாட்டார். கார்டையும் பேனாவையும் நம் முன்னால் வைத்துவிட்டுப் போய்விடுவார். அதற்குத் திட்டு வாங்குவதே மேல் என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

எழுபதுகளின் நடுவில், ஒரு பங்குனிக் கடைசியில், கண்டரமாணிக்கத்திலிருந்து ஓர் ஆச்சி பட்டறைக்கு ஆள் அனுப்பியிருந்தார்கள். வள்ளியம்மை ஆச்சி என்று பெயர், நகரத்தார் வீடுகளில் சின்ன வயதுக்காரர்களும் ஆச்சிதான், இவர்களுக்கு முப்பது வயது இருக்கும். கணவர் பினாங்கில் தொழில் செய்கிறார். அவர் அனுப்பிய ஒன்றரை டன் ஜன்னல் ஏசி வந்து இறங்கியிருந்தது, மாட்டித் தர வேண்டும். நான் போனபோது அந்த மெஷின் ஆடம்பரத்துக்கு வந்ததில்லை என்று தெரிந்தது.

அவர்களுக்கு உமையாள் என்று ஆறு வயதில் ஒரே பெண். தலைமுடி பூனை மயிராக மெலிந்து, வாயில் நாலைந்து பல் மட்டும் கூராக இருந்தது. ஆனால் கண் துறுதுறுவென்று இருக்கும். அந்தப் பிள்ளைக்கு வியர்க்காது. பிறவியிலேயே வியர்வை வராத உடம்பு என்று மதுரை டாக்டர் சொல்லியிருந்தார். நமக்கெல்லாம் வெயிலில் வியர்த்து உடம்பு ஆறிவிடும், அதற்கு அந்த வழி இல்லை. மத்தியானத்தில் உடம்பு அனலாகி நூற்று நாலுக்குப் போய்விடும். முந்தின சித்திரையில் ஒரு கல்யாண வீட்டில் வலிப்பே வந்துவிட்டது. அதன் பிறகு ஆச்சி கோடையெல்லாம் பகலில் ஈரத்துணியும் கையுமாகப் பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். மலைமேல் ஒரு கான்வென்ட் ஹாஸ்டலில் சேர்த்துவிடலாம், குளிர்ந்த ஊர், பிள்ளை பிழைத்துக்கிடக்கும் என்று கணவர் எழுதினார். ஆச்சிக்கு மனசு ஒப்பவில்லை. ஒரு கோடைக்கு மெஷின் வைத்துப் பார்ப்பது, சரிப்படாவிட்டால் கத்திரி உச்சிக்கு முன்னால் பிள்ளையை அனுப்பிவிடுவது என்று கடிதத்திலேயே முடிவாகியிருந்தது. கூட்டிப்போக கணவரின் அண்ணன் காருடன் வருவார், நாளும் குறித்தாகிவிட்டது. ஆக, நான் மாட்டப்போகிற மெஷின் ஓடினால் பிள்ளை தாயோடு இருக்கும், ஓடாவிட்டால் போய்விடும்.

எங்கே மாட்டுவது என்பதில்தான் முதல் சிக்கல். அந்த வீடுகளின் அமைப்பு தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நடுவில் வானம் பார்த்த வளவு, சுற்றிலும் தூண் வைத்த தாழ்வாரம், அதை ஒட்டி வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. அறை அவரவருக்கு, சுவரும் வளவும் எல்லாருக்கும் பொது. தெருப்பக்கத்து வெளிச்சுவரில் ஓட்டை போட வேண்டுமானால் ஏழு பங்காளியும் சம்மதிக்க வேண்டும். அதில் இரண்டு பேர் கடல் கடந்து இருந்தார்கள், ஒருவர் உள்ளூரிலேயே இருந்துகொண்டு பதில் சொல்லவில்லை. வேறு வழியில்லாமல் தாழ்வாரத்துப் பக்கத்து ஜன்னலில் மாட்டினேன். மெஷினின் முன்புறம் அறைக்குள், முதுகு தாழ்வாரத்தைப் பார்த்து. வளவு திறந்துதானே கிடக்கிறது, சூடு மேலே போய்விடும் என்று கணக்குப் போட்டேன், அதில் தப்பில்லை.

மாட்டி முடித்துக் கிளம்புகிறபோது அண்ணாந்து பார்த்தேன். மத்தியான வெயில் வளவு வழியாகச் சாய்ந்து அந்த ஜன்னல்மேல் விழும்போல் இருந்தது. பெரிய மனுஷனாட்டம் ஒரு யோசனை சொன்னேன்.

“ஆச்சி, இந்த மெசின் முதுகுல மட்டும் வெயில் படாமப் பாத்துக்கங்க.”

அவ்வளவுதான் சொன்னேன். சொல்லிவிட்டு மறந்தும் போனேன்.

பத்து நாள் நன்றாக ஓடியது. சித்திரை பிறந்து வெயில் ஏறியதும் ஆள் வந்தது. பகல் ஒரு மணிக்கு மெஷின் ‘டக்’கென்று நிற்கிறது, பத்து நிமிஷம் கழித்து ஓடுகிறது, மறுபடி நிற்கிறது. நான் கல்லல் வழியாகப் பஸ் பிடித்துப் போய்ச் சேர நாலு மணியானது. போய் அரை மணியில் மெஷின் சமர்த்தாக ஓடியது. வோல்டேஜ் பார்த்தேன், நூற்று எழுபத்தைந்துதான் இருந்தது. மத்தியானம் சுற்றுவட்டாரத்து பம்ப்செட் எல்லாம் ஓடும், கரண்ட் அழுத்தம் படுத்துவிடும். திருடனைப் பிடித்துவிட்டேன் என்று ஒரு ஸ்டெபிலைசர் வாங்கி வைக்கச் சொன்னேன். வைத்தார்கள். இரண்டாம் நாளே மறுபடி ஆள் வந்தது. இந்த முறை விடிந்ததும் போய்விட்டேன். காற்றைப் பார்த்தேன், நன்றாக வீசுகிறது. கரண்ட் பார்த்தேன், சரியாக இருக்கிறது. அப்படியானால் கேஸ்தான் என்று குழாயைத் திறந்து இருந்த கேஸை வெளியே விட்டுப் புதிதாக அடைத்தேன். மூன்றாம் முறையும் ஆள் வந்தபோது எனக்கே முகத்தில் ஈயாடவில்லை.

அன்றைக்கும் நான் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் மெஷின் ஓடத் தொடங்கிவிட்டது. உமையாள் ஈரத்துணி சுற்றிய தலையோடு வாசற்படியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

“மாமா, நீங்க வந்தா மட்டும் ஓடுது. நீங்க இங்கனயே இருந்துக்கிருங்களேன்” என்றது.

நான் சிரித்துவிட்டேன். ஆச்சி சிரிக்கவில்லை. கார் வர இன்னும் எட்டு நாள்தான் இருக்கிறது என்றார்கள். பிள்ளையின் உடுப்புகளில் நூலால் பெயர் தைத்து வைக்கச் சொல்லி ஹாஸ்டலில் இருந்து கடிதம் வந்திருந்தது. ஆச்சி இரண்டு கவுனில் தைத்துவிட்டு மூன்றாவதைத் தொட மனமில்லாமல் வைத்திருந்தார்கள். பஸ்ஸில் திரும்பி வருகிறபோது எனக்கு அழுகை முட்டியது. தொழில் தெரியாதவன் என்று யாராவது சொன்னால் தாங்கிக்கொள்வேன், ஒரு பிள்ளை விஷயத்தில் கையாலாகாமல் போவது வேறு.

மறுநாள் வீம்பை விட்டுவிட்டு ரெங்கராஜனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார். மெஷின் நிற்கிறபோது நான் எப்போதாவது அங்கே இருந்தேனா என்று. யோசித்துப் பார்த்தேன். மூன்று முறை போயிருக்கிறேன், ஒரு முறைகூட அது என் கண் முன்னால் நிற்கவில்லை.

இருவரும் மறுநாள் காலை பத்து மணிக்கே அங்கே போய்விட்டோம். அவர் மெஷினைத் தொடவே இல்லை. தாழ்வாரத்து ஓரத்தில் ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கிப் போட்டு உட்கார்ந்தார். ஆச்சி காபி கொடுத்துவிட்டு, மெஷினுக்குப் பின்னால் கிடந்த பாய், முறம் எல்லாவற்றையும் ஒதுக்கச் சொல்லி வேலைக்காரப் பெண்ணை ஏவினார்கள். ரெங்கராஜன் கையை நீட்டித் தடுத்தார்.

“நாங்க வரலைன்னு நெனச்சுக்கங்க ஆச்சி. தினமும் என்ன செய்வீங்களோ, அதை அதே நேரத்துக்குச் செய்யுங்க. எங்களுக்காக எதையும் மாத்தாதீங்க.”

ஆச்சி என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன். பிறகு ஒன்றும் நடக்கவில்லை. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்கா ஒரு நாளைப் பாழாக்கி வந்தோம் என்று உள்ளே பொருமிக்கொண்டிருந்தேன்.

பதினொரு மணிக்கு வேலைக்காரப் பெண் வந்தாள். தாழ்வாரத்து உத்தரத்தில் சுருட்டிக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தாள். மெஷினின் முதுகுக்கு முன்னால் ஒரு முழ தூரத்தில், தரை வரைக்கும், மூன்று பக்கமும் வெட்டிவேர்த் தட்டி இறங்கியது. குடத்துத் தண்ணீரை அள்ளி அதில் அடித்தாள். வாசம் கமகமவென்று வந்தது. அந்தத் தட்டி இறங்கியிருந்து நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. நான் தெருவில் வருவது தெரிந்தாலே எனக்கு வெளிச்சமும் இடமும் வேண்டும் என்று சுருட்டிக் கட்டிவிடுவார்களாம்.

ரெங்கராஜன் எழுந்து தட்டிக்குள் கையை விட்டு, தெர்மாமீட்டரை மெஷின் முதுகுக்குப் பக்கத்தில் ஒரு நூலில் கட்டித் தொங்கவிட்டார். பன்னிரண்டு மணிக்கு எடுத்துப் பார்த்தார். வளவில் தொண்ணூற்றொன்பது, தட்டிக்குள் நூற்றுப் பதினைந்து. ஒரு மணிக்கு வளவில் நூற்று இரண்டு, தட்டிக்குள் நூற்று இருபத்தெட்டு. மெஷின் வெளியே தள்ளிய சூட்டுக்காற்று போக வழியில்லாமல் அங்கேயே சுற்றி, அதையே மெஷின் மறுபடி இழுத்துக்கொண்டிருந்தது. சூடு தாங்காமல் ஒன்று பத்துக்கு ‘டக்’கென்று நின்றது. முதல் தடவையாக அந்தச் சத்தத்தை நேரில் கேட்டேன்.

“ஆச்சி, இந்தத் தட்டி எப்ப இருந்து போடுறீங்க?” என்று ரெங்கராஜன் கேட்டார்.

“வெயில் ஏறுனதுல இருந்து. நம்ம பாய்தான மெசின் முதுகுல வெயில் படக் கூடாதுன்னாக. அதான் மதுரையில சொல்லி நல்ல வேராப் பாத்து வாங்குனேன். ஒரு நா தவறாமப் போட்டுருவோம்.”

எனக்குக் காது இரண்டும் சுட்டது. பூப்போட்ட உறை தைத்த அந்தக் கல்லல் அம்மாவை எத்தனை பேரிடம் நடித்துக் காட்டிச் சிரித்திருக்கிறேன். இங்கே உறை தைத்துக் கொடுத்தவனே நான். அதுவும், அந்தத் தாய் என் பேச்சை வேதவாக்காக எடுத்து, ஒரு நாள் தவறாமல் தண்ணீர் தெளித்து, தன் பிள்ளையைத் தானே அனலில் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதை அவர்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

“தப்பு என் மேலதான் ஆச்சி. வெயில் படக் கூடாதுன்னு சொன்னேன், காத்து போகணும்னு சொல்லாம விட்டுட்டேன்” என்றேன்.

ஆச்சி கோபப்படுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர்கள், அப்படியானால் மெஷினில் கோளாறு இல்லைதானே என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். இல்லை என்று ரெங்கராஜன் சொன்னதும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் கழித்து முகம் கழுவி வந்தார்கள்.

தட்டியைச் சுருட்டினால் மட்டும் தீரவில்லை. ஒரு நாள் பார்த்தோம். இரண்டு மணி வரை ஓடி, நேர் வெயில் முதுகில் ஏறியதும் ஒரு முறை நின்றது. வெயிலும் படக் கூடாது, சூடும் தங்கக் கூடாது. காரைக்குடியில் தகர வேலை செய்கிற என் மச்சான் ஒருவர் இருந்தார். ரெங்கராஜன் அளவு போட்டுக் கொடுக்க, மெஷினின் முதுகிலிருந்து வருகிற சூட்டுக்காற்றை மட்டும் பிடித்து மேலே கொண்டுபோகிற மாதிரி ஒரு தகரக் கூண்டு செய்தோம். காற்றை இழுக்கிற பக்கவாட்டுத் துளைகளை மறைக்காமல் விட்டோம். கூண்டின் வாய் தாழ்வாரத்து ஓட்டுக்கூரையைத் தாண்டி வளவின் வானத்தைப் பார்த்து நின்றது. தட்டியை ஆறடி தள்ளி வெளித்தூண் வரிசைக்குக் கொண்டுபோய், மேலும் கீழும் இடைவெளி விட்டுக் கட்டினோம். அழகான வீட்டில் யானைத் துதிக்கை மாதிரி ஒரு தகரம் நீட்டிக்கொண்டு நின்றது. பதில் சொல்லாத அந்த உள்ளூர்ப் பங்காளி வந்து பார்த்து, சுவரில் கை வைக்கவில்லையே என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

அன்று பட்டறைக்குத் திரும்பியதும் ரெங்கராஜன் வழக்கம்போல் ஜாப் கார்டையும் பேனாவையும் வைத்துவிட்டுப் போனார். ‘வாடிக்கையாளருக்கு நான் பாதி யோசனை சொன்னதால் வந்த கோளாறு. கேஸ் மாற்றியது தேவையில்லாதது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் அந்தக் கார்டைக் கோப்பில் வைக்கும்போது பார்த்தேன். என் கையெழுத்துக்குக் கீழே அவர் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. ‘மூன்று புகார் வரும்வரை நான் நேரில் போகாதது என் தவறு.’ அன்றோடு அவர்மேல் இருந்த எரிச்சல் எனக்குப் போய்விட்டது.

குறித்தபடி சனிக்கிழமை கார் வந்தது. உமையாளின் பெரியப்பச்சி, அதாவது அந்தப் பெரியப்பா, கெட்டவர் இல்லை. முந்தின வருஷம் அந்தக் கல்யாண வீட்டில் வலிப்பு வந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவரே அவர்தான். இந்தத் தகரத்தை நம்பிப் பிள்ளையை வைத்துக்கொள்வது சரியில்லை என்று அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சாயங்காலம் வரை பாருங்கள், ஒரு தடவை நின்றாலும் கூட்டிப்போங்கள் என்று ஆச்சி கேட்டுக்கொண்டார்கள். அவர் சம்மதித்துக் கடிகாரத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அன்றைக்கு அடித்த வெயிலைப் போல் நான் அதற்குப் பிறகும் அதிகம் பார்த்ததில்லை. ஒரு மணிக்கு வோல்டேஜ் நூற்று எழுபதுக்கு இறங்கியது. ஸ்டெபிலைசர் கடகடவென்று தட்டிச் சமாளித்தது. ஒன்று பத்து ஆனது, மெஷின் ஓடியது. இரண்டு மணி, ஓடியது. ரெங்கராஜன் அரை மணிக்கொரு தரம் தெர்மாமீட்டரைப் பார்த்து எழுதினார். ஆச்சி அறைக்கு உள்ளேயும் போகவில்லை, சாப்பிடவும் இல்லை, தூணைப் பிடித்துக்கொண்டே நின்றார்கள்.

மூன்று மணி சுமாருக்கு அறைக் கதவு திறந்தது. உமையாள் சோழி விளையாட்டைப் பாதியில் விட்டு, இரண்டு கையையும் மார்போடு கட்டிக்கொண்டு வந்து நின்றது.

“ஆத்தா, குளுருது” என்றது.

ஆச்சி பதறிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள். காய்ச்சல் ஏறுகிறபோதுதான் அப்படி நடுங்கும் என்று நினைத்துவிட்டார்கள். பெரியப்பச்சி எழுந்துவிட்டார். ஆச்சி ஜுரம் பார்க்கிற தெர்மாமீட்டரைப் பிள்ளையின் அக்குளில் வைத்துக் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். எடுத்து ரெங்கராஜனிடம் நீட்டினார்கள். அவர் வெளிச்சத்தில் இரண்டு தரம் திருப்பிப் பார்த்தார். தொண்ணூற்றெட்டுக்குக் கிட்டத்தட்டத்தான் இருந்தது. பிறகு அறைக்குள் போய்த் தன் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு வந்தார்.

“காய்ச்சல் இல்ல ஆச்சி. உள்ள எழுபத்துமூணு இருக்கு. பிள்ளைக்கு நெசமாவே குளிருது.”

ஆச்சி பிள்ளையைத் தன் முந்தானைக்குள் இழுத்துச் சேர்த்துக்கொண்டார்கள். பிறகு என் பக்கம் திரும்பினார்கள்.

“பாய், அத ஒரு புள்ளி குறச்சு வைங்க. சித்திரையில என் மகளுக்குக் குளுருதாம்” என்றார்கள்.

நான் உள்ளே போய்க் குமிழை ஒரு புள்ளி திருப்பினேன். வெளியே வரும்போது பெரியப்பச்சி கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டே வாசலைப் பார்த்து டிரைவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“வண்டிய அங்குட்டு நெழல்ல விடுப்பா. பிள்ள எங்கயும் வரல.”